நம்பிக்கைகளும் உண்மைகளும்: சுரக்குடிக்கு 27 பைட்

சுரக்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு பழைய மடிக்கணினி வந்து சேர்ந்தது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்தது. சுரக்குடி காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாறு கொம்யூனில் இருக்கிறது, புதுச்சேரி ஆட்சிப்பகுதி. அந்தத் திட்டம் எல்லை தாண்டி இங்கே வராது. ஆனால் உறவு தாண்டும். தரங்கம்பாடிப் பக்கம் படித்த பையன் வேலைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியதும், பழையதைத் துடைத்து அக்கா மகளிடம் கொடுத்துவிட்டான்.

பொத்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ். "இந்த ரெண்டாவது என்ன மாமா? இத்தனை வருஷம் யாருமே தொடலையாம்" என்றாள். அது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் முதன்முதலாக வெளியிட்ட இந்திய இயங்குதளம். அரசு கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. பிள்ளைகளின் கைக்கு வந்த ஒரு கட்டற்ற இயங்குதளம், திறக்கப்படாமலேயே பல வீடுகளில் பரணுக்குப் போயிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அத்தனை பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால், அதை எடுத்துவிட்டுப் புதிய டெபியனைப் போட்டுக் கொடுத்தேன். பிறகு முனையத்தைத் திறந்தேன். கறுப்புத் திரை, ஒரு மூலையில் துடிக்கும் சிறு கோடு. அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். திண்ணையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் பல ஊர்களில் கேட்டதுதான் எல்லாமே. அவற்றை ஒவ்வொன்றாக இங்கே எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளின் பெயர்களை நாம் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன்.

"இது ஹேக்கருங்க வேலை"

சினிமா செய்த வேலை இது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடினால் யாரோ வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று நம் கண் பழகிவிட்டது. முனையம் என்பது கணினியிடம் எழுத்தில் பேசும் இடம், அவ்வளவுதான். சுட்டியால் ஒரு கோப்புறையைத் திறப்பதும், 'சிடி' என்று தட்டி அதே கோப்புறைக்குள் போவதும் ஒரே காரியம்.

பழங்காலத்துச் சமாச்சாரம் என்றும் ஒருவர் சொன்னார். அவர் சட்டைப்பையில் இருந்த ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கருநிரல். உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2016இல் கொண்டுவந்தது. வழக்கொழிந்த ஒன்றை யாரும் இப்படி வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்குத்தான் வரும்"

இதைச் சொன்னது அக்கா. எனக்கு மிகவும் உறுத்தியதும் இதுதான். இந்த ஒரு நம்பிக்கையால் ஒதுங்கிப்போன பிள்ளைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காரைக்கால் மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் 'கொம்யூன்' என்ற சொல் தெரியும். உள்ளாட்சிப் பிரிவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் முடிந்துவிட்டது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வரி கட்டப் போகும் கிழவிக்கு ஒரு வரி பிரெஞ்சு தெரியாது. அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது நன்றாகத் தெரியும். கட்டளைகளும் அப்படித்தான். 'கிரெப்' என்பது எந்த ஆங்கில அகராதியிலும் பிறந்த சொல் கிடையாது. 'எட்' என்ற பழைய தொகுப்பியில், ஒரு வடிவத்தைத் தேடி அது வரும் வரிகளை அச்சிடு என்பதற்குத் தட்டிய எழுத்துகளின் கோவை அது. 'ஆக்' என்பது ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் என்ற மூவரின் முதலெழுத்துகள். 'கேட்' பூனையைக் குறிக்கவில்லை. கோர்த்துக் காட்டுவதைக் குறிக்கிறது. லண்டனில் பிறந்த குழந்தைக்கும் இவை புதுச் சொற்கள்தான். அந்தக் குழந்தையும் சுரக்குடிப் பிள்ளையும் இந்த இடத்தில் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். கணினி காட்டும் பிழைச் செய்திகளும் கையேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அடிக்கடி வரும் செய்திகள் பத்துக்குள் அடங்கும். 'அனுமதி இல்லை', 'அப்படி ஒரு கோப்பு இல்லை', 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற மூன்றுக்கும் உரிய ஆங்கில வரிகளை அடையாளம் கண்டுகொண்டால் முதல் மாதம் ஓடிவிடும்.

கோப்புக்கும் கோப்புறைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இதில் ஒரு லாபமும் உண்டு. லினக்ஸ் ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகப் பார்க்கும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் கல் அது. தமிழில் அந்தப் பேதமே இல்லை. 'பாடம்' என்றால் எப்போதும் 'பாடம்'தான்.

அவளுக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஊர்ப் பெயரையே எண்ணச் சொன்னேன். 'சுரக்குடி'யில் எத்தனை எழுத்து? சு, ர, க், கு, டி. ஐந்து. 'பிரின்ட்எஃப்' கட்டளையில் அந்தப் பெயரைக் கொடுத்து, அதை 'டபிள்யூசி -எம்' என்ற எண்ணும் கட்டளைக்குள் அனுப்பினோம். 9 என்று வந்தது. '-சி' என்று மாற்றினோம். 27. "ஒரு பேருக்கு மூணு கணக்கா?" என்று கேட்டாள்.

மூன்றும் சரி. நாம் எழுத்து என்று சொல்வது ஐந்து. யூனிகோடு முறையில் உகரக் குறியும் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். ச, உகரக் குறி, ர, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி என்று ஒன்பது வரும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் இடம் பிடிக்கும். ஆக 27. லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 85 குறியீடுகள்தான். திருமண அழைப்பிதழ் வாசகத்தையே கோப்புக்குப் பெயராக வைத்துவிட்டு, சேமிக்க மாட்டேன் என்கிறது என்று தவிப்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். 'கொம்யூன்' என்ற சொல்லின் 'கொ' இருவிதமாகச் சேமிக்கப்படலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 'கிரெப்' பார்வைக்கு வேறு. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்பில் கண்ணெதிரே இருக்கும் சொல்லை அது இல்லை என்று சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஆங்கிலத்திலேயே கற்ற பலர் இந்தச் சிக்கலைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். தமிழில் வேலை செய்கிற பிள்ளைக்கு எழுத்து என்பது கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது முதல் வாரத்திலேயே விளங்கிவிடுகிறது.

தமிழில் கற்க வழி இல்லாமலும் இல்லை. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் ஜிஎன்யூ/லினக்ஸ்' நூலைக் கணியம் குழு இலவசமாகவே தருகிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் அடிப்படைக் கட்டளைப் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம். விழுப்புரம் ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழுவும், புதுச்சேரியின் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் கிராமத்துப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவை.

"ஆயிரம் கட்டளையை யார் மனப்பாடம் பண்றது?"

யாரும் பண்ணுவதில்லை. இருபது வருடம் இதிலேயே புழங்குபவர்களும் தினமும் தட்டுவது இருபது, முப்பதுதான். மற்றதற்கு 'மேன்' என்ற கையேடு இருக்கிறது. ஒரு சொல்லின் முதல் இரண்டெழுத்தைத் தட்டி 'டேப்' விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பும். மேல் அம்பை அழுத்தினால் முன்பு தட்டியது திரும்ப வரும். மறதிக்கு இடம் கொடுத்தே செய்த ஏற்பாடு இது.

பெயர்கள் ஏன் இப்படி எலும்பும் தோலுமாக இருக்கின்றன என்றும் கேட்பார்கள். யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி கைகளில் உருவானபோது திரை என்பதே அபூர்வம். தட்டச்சு இயந்திரம் போன்ற டெலிடைப்பில்தான் வேலை. மாடல் 33 என்ற டெலிடைப் வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும். விசைகளைப் பலம் கொடுத்து அழுத்த வேண்டும். விரல் வலிக்கிற இயந்திரத்தில் யாரும் நீளமாகப் பெயர் வைக்க மாட்டார்கள். அங்கே பிறந்த 'எல்எஸ்', 'சிபி', 'எம்வி', 'ஆர்எம்' ஆகியவற்றை, ஹெல்சிங்கியில் 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸை அறிவித்த பிறகு, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்திருந்த ஜிஎன்யூ திட்டத்தின் கருவிகள் வழியாக நாமும் பெற்றோம்.

மனப்பாடத்துக்குப் பதில் இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு கட்டளையில் வினை முதலில் வரும், எப்படிச் செய்வது என்பது அடுத்து, எதைச் செய்வது என்பது கடைசி. தமிழில் வினை கடைசியில்தானே வரும் என்று தோன்றும். ஆனால் அவசரத்தில் நாமும் "வா இங்க", "எடு அதை" என்றுதான் சொல்கிறோம். ஏவல் அப்படித்தான் பேசும்.

கட்டளைகளைக் கோர்க்கத் தொடங்கியதும் அச்சு அசல் தமிழே வந்துவிடுகிறது. இதற்காகவே இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆசை அதிகம். அக்கா வீட்டுக்காரர் தெருவில் யார் யார் என்ன நெல் விதைத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவள் அதை ஒரு கோப்பில் தட்டினாள். ஒரு வரிக்கு ஒருவர். பெயர், காற்புள்ளி, ரகம், காற்புள்ளி, எத்தனை மா. ரகங்கள் சி.ஆர். 1009, ஏ.டி.டி. 46, பி.பி.டி. 5204 என்று கலந்து கிடந்தன. எந்த ரகத்தை எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்?

வாயால் சொல் என்றேன். "ரகத்தை மட்டும் வெட்டி எடுத்து, வரிசைப்படுத்தி, ஒரே மாதிரி இருக்கறத சேத்து எண்ணி, அதிகமா இருக்கறது மேல வர்ற மாதிரி அடுக்கணும்." எடுத்து, படுத்தி, எண்ணி, அடுக்கு. வினையெச்சங்கள் வரிசையாக வந்து கடைசியில் ஒரு வினைமுற்றில் முடிகின்றன. அதை அப்படியே தட்டினோம். 'கட்' வெட்டியது, 'சார்ட்' வரிசைப்படுத்தியது, 'யூனிக் -சி' எண்ணியது, 'சார்ட் -என்ஆர்' பெரியதை மேலே வைத்தது. நடுவில் ஒவ்வொரு எச்சத்துக்கும் ஒரு நெட்டுக்கோடு. அதற்குக் குழாய் என்று பெயர். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவது போல நிரல்களையும் மாட்ட வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பு எழுதினார். யூனிக்ஸில் அது 1973இல் வந்தது. வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு வயல் குடித்து மீதியை அடுத்த வயலுக்கு விடுவது அவளுக்குத் தெரியும்.

நடுவில் வரும் முதல் 'சார்ட்' எதற்கு என்று கேட்டாள். நல்ல கேள்வி. 'யூனிக்' அடுத்தடுத்து இருக்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும். உண்டியல் காசை எண்ணுகிறவர் முதலில் ஒரு ரூபாயை ஒரு பக்கம், ஐந்து ரூபாயை ஒரு பக்கம் ஒதுக்குவது போல, முதலில் வரிசைப்படுத்திக் கொடுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

"ஒரு எழுத்து தப்பினா எல்லாம் அழிஞ்சிடும்"

இந்தப் பயத்தில் பாதி நியாயம். அந்தப் பாதியை நான் அனுபவித்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கோப்புறையிலிருந்த வரைவுக் கோப்புகளை மட்டும் அழிக்க நினைத்து, 'ஆர்எம்', நட்சத்திரக் குறி, அதை ஒட்டிப் பின்னொட்டு என்று தட்ட வேண்டியவன், நட்சத்திரத்துக்கும் பின்னொட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுவிட்டேன். நட்சத்திரம் தனியாக நின்றால் இங்கே உள்ள எல்லாம் என்று பொருள். அந்தக் கோப்புறையிலிருந்த கோப்புகள் மொத்தமும் போயின. பின்னொட்டுப் பெயரில் கோப்பு இல்லை என்று ஒரு பிழைச் செய்தி மட்டும் மிஞ்சியது. அப்பாவின் குரலைக் கேட்டு நான் தட்டி வைத்திருந்த குறிப்புகள் அதில் இருந்தன. 'ஆர்எம்' குப்பைத் தொட்டிக்கு அனுப்பாது. அழித்தால் அழித்ததுதான்.

மற்ற பாதி பொய். நட்சத்திரக் குறியையே கண்டு ஓட வேண்டியதில்லை. அதே வரியை முதலில் 'ஆர்எம்'முக்குப் பதில் 'எல்எஸ்' போட்டுத் தட்டிப் பார்த்தால், எவை மாட்டப்போகின்றன என்பது பட்டியலாக வந்துவிடும். '-ஐ' சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டே அழிக்கும். இயங்குதளத்தின் கோப்புகளைச் சாதாரணப் பயனர் தொடவே முடியாது. மொத்தத்துக்கும் வேரான கோப்புறையை அழிக்கச் சொன்னாலும் இன்றைய 'ஆர்எம்' மறுத்துவிடும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அனுமதி முறை காப்பாற்றுவது இயங்குதளத்தை. உங்கள் படங்களும் பாடங்களும் உங்களுக்கே சொந்தம் என்பதால், அவற்றை அழிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இயங்குதளத்தை மறுபடி நிறுவ ஒரு மணி நேரம் போதும். குறிப்புகள் திரும்ப வராது. அதனால் வேறொரு வட்டில் நகல் வைத்துக்கொண்ட பிறகே பழகச் சொல்கிறேன்.

'ஆர்எம்'முக்குப் பயப்படும் பலர் அம்புக்குறியைக் கவனிப்பதில்லை. நெல் பட்டியலை வரிசைப்படுத்தி அதே கோப்பிலேயே போடலாம் என்று 'சார்ட் பட்டியல்', வலது அம்பு, 'பட்டியல்' என்று தட்டினால், 'சார்ட்' படிக்கத் தொடங்கும் முன்பே அந்த அம்பு கோப்பைக் காலி செய்துவிடும். மிஞ்சுவது வெற்றுக் கோப்பு. வெளியீட்டுக்கு எப்போதும் வேறு பெயர் கொடுங்கள்.

"லினக்ஸ்ல வைரஸே வராது"

இது பயம் கிடையாது, பெருமை. சொன்னவர் பொறியியல் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன். வீட்டு மேசைக் கணினிகளைக் குறிவைக்கும் வைரஸ்கள் லினக்ஸில் குறைவு என்பது சரி. வராது என்பது தவறு. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவற்றில் ஓடியது லினக்ஸ்தான். 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் ஆழமானது. 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவியில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராகப் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளக் கதவு ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் துருவ முடிந்தது. திறந்திருக்கிறது என்பதாலேயே யாராவது பார்த்திருப்பார்கள் என்று சும்மா இருந்திருந்தால் அது பரவியிருக்கும்.

நமக்கு இதில் நேரடியாகப் பட வேண்டிய பாகம், யாரோ அனுப்பிய வரியைப் பொருள் தெரியாமல் ஒட்டி 'சூடோ' கொடுத்து ஓட்டாதிருப்பது. கட்டளையை நிர்வாகியின் உரிமையோடு ஓட்டும் 'சூடோ' என்பது வீட்டுச் சாவிக்கொத்து.

"அதுக்கெல்லாம் பெரிய கம்ப்யூட்டர் வேணும்"

வேண்டாம். எழுத்தை மட்டும் காட்டும் திரைக்குப் பத்து, பன்னிரண்டு வருடப் பழைய இயந்திரமே அதிகம். 'யூநேம் -எம்' என்று தட்டி, எக்ஸ்86, அடிக்கோடு, 64 என்று வந்தால் இன்றைய பதிப்புகள் ஏறும். மடிக்கணினியே இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற முனையச் செயலியை எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம். மேலே சொன்ன நெல் கணக்கு அதிலும் வரும்.

இதைக் கற்றால் மறுநாளே வேலை என்று சிலர் வகுப்பு நடத்திப் பணம் வாங்குகிறார்கள். நம்ப வேண்டாம். கட்டளைகள் மட்டும் தெரிந்தவருக்கென்று தனி வேலை இல்லை. ஆனால் சர்வர், வலைப்பின்னல், தரவு என்று எந்தப் பக்கம் போனாலும் முதல் நாளே இது தேவைப்படும். ஐஐடி மெட்ராஸ் 2020இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பில் 'சிஸ்டம் கமாண்ட்ஸ்' என்று ஒரு முழுப் பாடமே வைத்திருக்கிறார்கள். அதில் சேர ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். திருவேட்டக்குடியில் என்ஐடி இருக்கும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, அதன் வாசலுக்குள் போக முடியாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி சுரக்குடிக்குப் போனேன். 'கட்டளை' என்று ஒரு கோப்பு வைத்திருந்தாள். கற்றதையெல்லாம் ஒரு வரிக்கு ஒன்றாகத் தன் பேச்சிலேயே எழுதியிருக்கிறாள். எது மறந்தாலும் அந்தக் கோப்பில் 'கிரெப்' போட்டுத் தேடிக்கொள்கிறாளாம். 'பிடபிள்யூடி'க்கு எதிரே "நான் இப்ப எங்க நிக்கறேன்". 'மேன்'னுக்கு "பெரியவங்ககிட்ட கேளு". 'எம்வி'க்கு "இங்கேருந்து அங்க, பேரையும் மாத்தலாம்". 'ஆர்எம்'முக்கு எதிரே "திரும்பாது" என்ற ஒரு சொல்தான் இருந்தது.